புகைக்கூட்டில் ஏறிய நிருஜா

நிருஜாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. நெடுந்தீவில் அவளை அறிந்தவர்கள் முதலில் சொல்வது அதைத்தான். கோயிலில் பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே எழும்பிப் போய், காற்றுக்குச் சரிந்த மெழுகுதிரியை நிமிர்த்திவிட்டு வந்து இருப்பாள். செத்தவீட்டுக்குப் போனால் அழுகிறவர்களைத் தாண்டிக் கொல்லைப்புறம் போய்த் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவத் தொடங்கிவிடுவாள். வீட்டுக்காரர் தடுத்தாலும் கேட்கமாட்டாள். இருந்தால் நெஞ்சுக்குள் என்னவோ ஓடும் என்பாள்.

அவள் பிறந்தது ஊர்காவற்றுறையில். எட்டு வயதில், போருக்குப் பயந்து தீவுப்பக்கம் முழுவதும் வெளிக்கிட்டபோது தாய் தகப்பனோடு வள்ளத்தில் ஏறியவள். அதன்பிறகு ஒரு பள்ளிக்கூடம், பிறகு ஒரு தேவாலய மண்டபம், பிறகு சொந்தக்காரர் ஒருவரின் பின்பத்தி, பிறகு வன்னியில் தறப்பாள் கூடாரம் என்று இடங்கள் மாறிக்கொண்டே இருந்தன. எந்த இடத்துக்குப் போனாலும் தாய் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டுவாள். நிருஜா விளக்குமாறு தேடுவாள். பெருக்கி முடித்த இடத்தில் அவர்கள் நீண்ட நாள் இருந்ததில்லை. அப்படியும் பெருக்கினாள். பெருக்காமல் குந்தியிருந்தால் அடுத்த ஓட்டம் எப்போது என்ற யோசனை வந்துவிடும்.

கலியாணம் பேசி நெடுந்தீவுக்கு வந்தபோதுதான் கல்வீடு ஒன்றைச் சொந்தமென்று பார்த்தாள். முருகைக்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய வீடு. புருசன் அன்ரனிதாஸ் கடற்தொழில் செய்கிறவன், அதிகம் பேசாதவன், பேசினால் அடுத்த வளவுக்கும் கேட்கும். வீட்டில் அவனுடைய மூத்த சகோதரி றோசம்மா இருந்தாள். கலியாணம் கட்டாதவள். தாய் போனபிறகு தம்பியை வளர்த்தவள் அவள்தான். சின்ன வயதிலிருந்து அவளுக்கு இழுப்பு வருத்தம். சேலை முடிச்சில் எப்போதும் மூச்சுக்கு இழுக்கிற பம்ப் ஒன்று இருக்கும். வந்த புதிதில் மச்சாளுக்கும் மச்சாளுக்கும் ஒத்துப்போகவில்லை. றோசம்மா ஒரு கதிரையில் இருந்து வீட்டை நடத்துகிறவள். நிருஜா கதிரைகளையே இடம் மாற்றி வைக்கிறவள். மகன் றெக்ஷன் பிறந்த பிறகுதான் இரண்டுபேரும் ஒருமாதிரி ஒருவரையொருவர் சகித்துக்கொண்டார்கள். அவனும் இப்போது யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படிக்கிறான்.

தபசு நோன்புக் காலத்தில் அன்ரனிதாஸின் குரல் அடைத்தது. சளித்தடிமன் என்று நினைத்தார்கள். கொத்தமல்லி அவித்துக் குடித்தான். உயிர்த்த ஞாயிறு போனது, குரல் திரும்பவில்லை. கல்லில் கல்லை உரசுகிறமாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. யாழ்ப்பாணத்தில் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, புற்றுநோயோ என்று பார்க்கச் சின்னத் துண்டொன்றை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதன் முடிவைக் கேட்டு வருவதற்கு அவன் ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை வள்ளம் ஏறினான். தானும் வருகிறேன் என்று நிருஜா நின்றாள். அக்காவைத் தனியே விட ஏலாது என்று அவன் கையால் காட்டினான்.

அடுத்த நாள் சோழகம் பிடித்தது.

சோழகம் வருடம் தவறாமல் வருவதுதான். ஆனால் அந்த முறை வந்த காற்று மதில்மேல் அடுக்கியிருந்த கல்லையே உருட்டியது. குறிகாட்டுவான் துறைக்கும் தீவுக்குமான வள்ளங்கள் எல்லாம் நின்றுவிட்டன. போனவர்கள் அங்கே, இருந்தவர்கள் இங்கே. அந்தக் காற்றுக்குள் காஸ் சிலிண்டரும் முடிந்தது. நிருஜா அதை ஆட்டிப் பார்த்தாள், படுக்கவைத்துப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. கடையிலும் இல்லை. அக்கரையிலிருந்து வரவேண்டும்.

அதனால்தான் பழைய குசினியைத் திறந்தார்கள். வீட்டின் பின்பக்கத்தோடு ஒட்டிய ஓட்டுக் குசினி அது. அடுப்புமேடைக்கு மேலே பெரிய சுளகைக் கவிழ்த்ததுபோல் அகன்று தொடங்கி, போகப்போக ஒடுங்கி, கூரையைத் துளைத்து வெளியே போகும் கல் புகைக்கூடு. காஸ் அடுப்பு வந்த பிறகு அதன்கீழ் யாரும் நெருப்பு மூட்டவில்லை. உரலும் பழைய வலைகளும் தேங்காய்ச் சாக்கும்தான் அங்கே குடியிருந்தன.

பனம்மட்டையும் பனங்கொட்டை ஊமலும் வைத்து மூட்டினாள். புகை மேலே போய், கொஞ்சநேரம் யோசித்ததுபோல் நின்று, அப்படியே திரும்பி முகத்தில் இறங்கியது. காற்று அதைப் பிடித்து வீட்டுக்குள் தள்ளியது. சோறு வேகுவதற்கிடையில் றோசம்மா பம்பை இரண்டுதரம் இழுத்துவிட்டாள். முன் விறாந்தைக்குக் கதிரையை இழுத்துக்கொண்டு போனாலும் புகை அங்கேயும் வந்தது. பின்னேரத்துக்குள் அவளுடைய நெஞ்சு கோழிக்குஞ்சுபோல் கீச்சிட்டது.

அப்போதுதான் கைபேசி அடித்தது. நிருஜா ஓடினாள்.

"என்ன சொன்னவை?"

"ஒண்டும் சொல்லேல்லை." அன்ரனிதாஸின் உரசல் குரல் காற்றுக்குள் விட்டுவிட்டுக் கேட்டது. "பெரிய டொக்டர் கொழும்புக்குப் போட்டாராம். வியாழக்கிழமை வரட்டாம்."

"தாதிமாரிட்டைக் கேட்டுப் பார்த்தனீங்களோ?"

"அவை சொல்லமாட்டினம். அக்கா என்ன செய்யிறா?"

"நல்லாத்தான் இருக்கிறா," என்று நிருஜா பொய் சொன்னாள். விறாந்தையிலிருந்து இருமல் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்கு இருட்டுமட்டும் அவள் ஓரிடத்தில் நிற்கவில்லை. முற்றத்தைக் கூட்டினாள். கூட்டிய சருகைக் காற்று திருப்பிக் கொண்டுவந்து போட்டது, மறுபடி கூட்டினாள். கிணற்றடியில் தோய்த்த உடுப்பையே திரும்பத் தோய்த்தாள். ஆர் அந்தத் துண்டைப் பார்க்கிறார்கள், எந்த மேசையில் கிடக்கிறது, பெரிய டொக்டர் எதற்குக் கொழும்புக்குப் போனார், கெட்ட செய்தி என்றால் தாதிமாருக்கு முகத்தில் தெரியாதா, தெரிந்தும் புருசன் தன்னிடம் சொல்லாமல் விட்டாரா. இதே கேள்விகள் செக்குமாடுபோல் சுற்றின.

புதன் காலை அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது அவள் முற்றத்தில் நின்று கூரையைப் பார்த்தாள். உள்ளே கண் எரிகிற அளவு புகை. புகைக்கூட்டின் வாயிலோ ஒரு நூல்கூட வெளியே வரவில்லை. அடைத்துக்கிடக்கிறது. அதற்குப் பிறகு அவளால் வேறொன்றையும் நினைக்க முடியவில்லை. கஞ்சியை இறக்கிவைத்து நெருப்பை அணைத்தாள்.

அடுத்த வளவு இராயப்பு அண்ணையிடம் போய் ஏணி கேட்டாள். அவர் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார்.

"ஏணி ஏன் பிள்ளை?"

"புகைக்கூடு அடைச்சிட்டுது. துடைக்க வேணும்."

"இந்தக் காத்துக்கையோ? பொறும். காத்துக் குறையட்டும், நான் ஆள் ஒண்டைப் பிடிச்சுத் தாறன்."

"எப்ப குறையும் அண்ணை?"

"அதை ஆர் கண்டது."

"அப்ப நானே ஏறுறன். மச்சாளுக்கு மூச்சு ஏலாமல் கிடக்கு."

இராயப்பு கையை உதறிவிட்டு அவளைப் பார்த்தார். ஆம்பிளை இல்லாத நேரத்தில் அவனுடைய மனுசியைக் கூரையில் ஏற்றினதாக நாளைக்குத் தன்னைத்தான் சொல்வார்கள் என்று முணுமுணுத்தார். ஆனால் ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்னாலே வந்தார்.

முதலில் கீழிருந்து தொடங்கினாள். சாம்பலை அள்ளி வெளியே கொட்டினாள். அரிசிப் பானை, மா வாளி எல்லாவற்றையும் அகற்றிவிட்டு அடுப்பைச் சுற்றிப் பழைய சாக்கு விரித்தாள். தலையைத் துணியால் இறுக்கிக் கட்டி, வாய்க்கும் மூக்கிற்கும் நனைத்த துவாயைச் சுற்றினாள். கண்ணுக்கு என்ன செய்வதென்று தேடியபோது அன்ரனிதாஸ் கடலட்டை பிடிக்கச் சுழியோடும்போது போடுகிற கண்ணாடி ஆணியில் தொங்கியது. அதை மாட்டிக்கொண்டாள். அந்தக் கோலத்தைக் கண்டு விறாந்தையிலிருந்த றோசம்மா சிலுவை போட்டாள்.

அடுப்புமேடையில் குந்தி, தலையை உள்ளே விட்டு அண்ணாந்து பார்த்தாள். வெளிச்சம் தெரியவேண்டிய இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. நீளத் தடியின் நுனியில் கருக்குமட்டை ஒன்றைக் கட்டியிருந்தாள். அதன் இரு ஓரத்திலும் வாள்போல் பல். அதைச் சுவரில் வைத்து மேலும் கீழும் இழுத்தபோது புகைக்கரி தகடுதகடாகக் கழன்று தோளில் விழுந்தது. சில இடத்தில் தார்போல் ஒட்டிக்கிடந்தது. வாய்க்குள் கசப்பு இறங்கியது. கை உளைய உளைய இழுத்தாள். தடி எட்டுமட்டும் கரி போனது, அதற்குமேல் எட்டவில்லை.

மேலே இருந்து எதையாவது கயிற்றில் கட்டி இறக்கி ஏற்றவேண்டும். சாக்கைச் சுருட்டிப் பார்த்தாள், அது வழுக்கியது. சுவரைப் பிறாண்டுகிற சாமான் வேண்டும். குசினி மூலையில் மடித்துவைத்த நைலோன் வலை கிடந்தது. கத்தியை எடுத்து அதைப் பாதியாக வெட்டினாள். இன்னொரு வெட்டு வெட்டுவதற்குள் றோசம்மா வாசலில் வந்து நின்றாள்.

"என்ன செய்யிறீர்? அது தம்பியின்ர வலை."

"தெரியும் மச்சாள்."

"ஓட்டை பொத்துறதுக்கு வைச்சவன். காத்து விட்டவுடன கடலுக்குக் கொண்டு போறதெண்டு வைச்சவன். அதையேன் வெட்டுறீர்?" றோசம்மாவுக்கு இளைத்தது. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். "அவன் இனிக் கடலுக்குப் போகமாட்டானெண்டு நினைச்சிட்டீரோ?"

நிருஜாவின் கை நின்றது. அப்படி நினைத்து வெட்டவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் மற்ற மூலையில் உக்கிப்போன வலைகள் எத்தனையோ கிடக்க, கை ஏன் இதற்குப் போனதென்று அவளுக்கே விளங்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து தனக்குள் அப்படி ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுக்கொண்டிருந்ததோ என்று பயந்தாள்.

"தெரியாது மச்சாள்," என்றாள். "கையில வந்தது, வெட்டிப்போட்டன்."

றோசம்மா பம்பை எடுத்து இழுத்தாள். வெட்டினதை ஒட்ட முடியாது. நிருஜா அந்த வலைத் துண்டையே உருண்டையாகச் சுற்றி, நடுவில் பாரத்துக்கு ஒரு முருகைக்கல்லை வைத்துக் கயிற்றில் கட்டினாள்.

இராயப்பு ஏணியைப் பிடிக்க, சட்டைக்குமேல் புருசனின் நீளக்கைச் சேட்டைப் போட்டுக்கொண்டு ஏறினாள். கூரைக்கு மேலே காற்று வேறொரு ஆளாக இருந்தது. முதுகில் கைவைத்துத் தள்ளியது. ஓட்டில் முழங்காலை ஊன்றி, கைகளால் பதித்துப் பதித்துப் புகைக்கூட்டை எட்டி, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அதன் வாய்க்கு மழைக்காப்பாகச் சின்னக் கல்மூடி. நாலு பக்கமும் புகை போக ஓட்டை. நாலையும் மைனாக்கள் அடைத்திருந்தன. தும்பு, வைக்கோல், ஷொப்பிங் பை, நூல், வெளிநாட்டுக்காரர் போட்ட இனிப்புக் கடதாசி என்று வருசக்கணக்கில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூடு கட்டியிருந்தன. குஞ்சு ஏதும் இருக்கிறதோ என்று விரலால் தடவிப் பார்த்தாள். இல்லை. பிய்த்துப் பிய்த்து எறிந்தாள். எறிந்ததையெல்லாம் காற்று இராயப்புவின் தலையில் கொண்டுபோய்க் கொட்டியது.

பிறகு வலை உருண்டையை இறக்கினாள். இறக்குவதும் இழுப்பதுமாக, உள்ளே மழைபோல் கரி கொட்டும் சத்தம் கேட்டது. கீழே றோசம்மா வாசலிலிருந்து, "வெளிச்சம் விழுகுது, வெளிச்சம் விழுகுது," என்று சொன்னது மேலே வந்தது.

மூச்சு வாங்க ஒருகணம் நின்றவள், புகைக்கூடு கூரையைத் துளைத்து வருகிற இடத்தில் கையை ஊன்றினாள். ஊன்றிய கை தானாக விலகியது. ஓடு சுட்டது.

வெயில் சூடு என்றுதான் முதலில் நினைத்தாள். பக்கத்து ஓட்டைத் தொட்டாள். அது அப்படியில்லை. மூக்கை மூடியிருந்த துவாயைக் கீழே இழுத்தாள். கரிமணத்துக்குள் வேறொரு மணம், மரம் வேகிற மணம். மேலே வழி இல்லாத சூடு பக்கத்தால் வழி கண்டிருக்கிறது என்று அவளுக்கு உறைத்தது. ஓடொன்றை இழுத்துக் கழற்றினாள். புகைக்கூட்டுச் சுவரில் விரல் நுழைகிற வெடிப்பு. வெடிப்புக்கு நேரே கூரையைத் தாங்கும் பனஞ்சலாகை கறுத்துப்போயிருந்தது. காற்றுப் பட்டவுடன் அந்தக் கறுப்பு கண்ணைத் திறந்ததுபோல் சிவந்தது.

"அண்ணை, தண்ணி. சலாகை எரியுது."

இராயப்பு ஏணியை விட்டுவிட்டுக் கிணற்றுக்கு ஓடினார். நிருஜா கழுத்தில் கிடந்த ஈரத் துவாயை அவிழ்த்து வெடிப்பின்மேல் அமத்தினாள், அது சீறியது. சேட்டைக் கழற்றிக் காற்றுப் படாமல் மறைத்துப் பிடித்தாள். வாளி வருவதற்கு எவ்வளவு நேரம் எடுத்ததென்று அவளுக்குத் தெரியாது. கீழே பார்த்தபோது முதல் வாளியோடு ஏணிப்படியில் நின்றது றோசம்மா. முற்றத்தைக் கடக்கவே இளைக்கிறவள், சேலையை வரிந்துகட்டி மூன்றாம் படியில் நின்று வாளியை உயர்த்திப் பிடித்திருந்தாள். முகம் நீலம் பாரித்திருந்தது.

"இறங்குங்கோ மச்சாள்."

"முதல் நீர் ஊத்தும்."

வாளி வாளியாக ஊற்றினார்கள். சலாகை புகைந்து, கறுத்து, அடங்கியது. இராயப்பு கைக்கோடரியைத் தர, எரிந்த பக்கத்தைச் செதுக்கி எறிந்தாள். வெடிப்புக்குள் களியும் சுண்ணாம்பும் பிசைந்து விரலால் திணித்துத் திணித்து அடைத்தாள். எல்லாம் முடிந்தபிறகும் இறங்காமல் முகட்டில் குந்தியிருந்தாள்.

அங்கிருந்து பார்க்கக் கடல் முழுவதும் வெள்ளையாக நுரைத்துக் கிடந்தது. ஒரு வள்ளமும் இல்லை. காத்துக் குறையட்டும் என்று இருந்திருந்தால், இன்னும் ஒரு நாள் அடுப்பு மூட்டியிருந்தால், இந்தக் காற்றுக்குக் குசினியோடு வீடும் போயிருக்கும். அதை நேரத்துக்குக் கண்டதுபோல் அவருடைய தொண்டையையும் நேரத்துக்குக் கண்டிருப்பார்கள் என்று மனம் மெல்ல ஒரு கணக்குப் போட்டது. நிருஜாவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. சலாகைக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம். கடவுளோடு பேரம் பேசுகிற ஆளா தான். அப்படிக் கோபித்துக்கொண்டே அந்தப் பேரத்தை இன்னும் இரண்டுதரம் பேசிப் பார்த்தாள்.

பின்னேரம் அடுப்பை மூட்டினார்கள். புகை நிமிர்ந்து மேலே போனது. இராயப்பு முற்றத்தில் நின்று, வருகுது, வருகுது என்று கையை ஆட்டினார். றோசம்மா குசினி வாசலில் கதிரை போட்டு இருந்தாள். இருமல் இருந்தது, ஆனால் நெஞ்சு கீச்சிடவில்லை.

"வலை வெட்டினதைத் தம்பியிட்டை நான் சொல்லமாட்டன்," என்றாள்.

"நானே சொல்லுவன்."

வியாழன் மத்தியானம் கைபேசி அடித்தபோது நிருஜா சுவரில் படிந்த கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கறுப்புக் கையோடு எடுத்தாள்.

"அதுதானாம்," என்றான் அன்ரனிதாஸ். "ஆனால் துவக்கத்திலயே கண்டிட்டினமாம். கதிர்ச் சிகிச்சை குடுத்தால் மாறுமாம். வெட்டத் தேவையில்லை எண்டவர்."

அவள் சுவரில் சாய்ந்தாள். கேட்கவேண்டியதெல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வர, வாயில் வந்தது வேறொன்று.

"உங்கட வலையை வெட்டிப்போட்டன்."

"எதை?"

"பொத்துறதுக்கு வைச்சதை. புகைக்கூடு துடைக்க."

"அவ்வளவும் வெட்டினனீரோ?"

"பாதி."

அந்தப் பக்கம் உரசுகிறமாதிரி ஒரு சத்தம் வந்தது. அழுகிறானோ என்று பயந்தாள். சிரிப்பு அது, இருமலில் போய் முடிந்தது. "மிச்சப் பாதியையாவது வைச்சிரும்," என்றான். "வந்து பாக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமைதான் வள்ளம் ஓடியது. அவன் வந்து குசினிக் கூரையையும் கறுத்த சலாகையையும் நெடுநேரம் பார்த்தான். சலாகைக்குப் பக்கத்தில் இன்னொரு சலாகையைச் சேர்த்து அறைந்துவிட்டு, அடுத்த கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு சிகிச்சைக்குப் போனான். யாழ்ப்பாணத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினார்கள். காலையில் அவனை உள்ளே கூப்பிடுவார்கள். அவள் வெளியே வாங்கில் இருக்கவேண்டும். இருக்க முடியவில்லை. கைலேஞ்சியை நனைத்து வாங்கைத் துடைத்தாள். பிறகு பக்கத்து வாங்கை. பிறகு யன்னல் கம்பியை. சுத்திகரிப்பு வேலைக்கு வருகிற பெண் ஒருத்தி, "அக்கா, என்ர வேலையை எனக்கு விடுங்கோ," என்று சொன்னபிறகு, காத்திருக்கிற மற்றவர்களின் தண்ணிப் போத்தல்களை நிரப்பிக் கொடுக்கத் தொடங்கினாள்.

இராயப்பு பார்த்துக்கொள்ள, றோசம்மா வீட்டில் தனியே இருந்தாள். காஸ் வந்தபிறகும் அடுப்பைத்தான் மூட்டுகிறேன் என்று தொலைபேசியில் சொன்னாள். இராயப்பு வாயால் கதை ஊரெல்லாம் பரவியதில், ஆர் வீட்டுப் புகைக்கூட்டில் மைனா இருக்கிறது, ஆர் நிருஜா எப்போது வருவாள் என்று கேட்டார்கள் என்றும் சொல்வாள்.

சிகிச்சை முடிந்து திரும்பியபோது மாரி தொடங்கியிருந்தது. அன்ரனிதாஸ் மெலிந்துபோயிருந்தான். கழுத்துத் தோல் கறுத்திருந்தது. குரல் வந்தது, ஆனால் முழுக்க வரவில்லை. அடுத்த வளவுக்குக் கேட்ட குரல் இப்போது ஒரு அறையைத் தாண்டாது. மாதத்துக்கொருமுறை போய்க் காட்டவேண்டும். ஒவ்வொரு முறையும் போவதற்கு முந்தின நாளெல்லாம் நிருஜா வீட்டிலிருக்கிற அலுமாரிகளை நகர்த்திக்கொண்டிருப்பாள். தையில் அவன் திரும்பக் கடலுக்குப் போனான்.

இப்போது அவள் கூரை ஏறாத கிழமை குறைவு. மடத்து வளவு, வைத்தியசாலைப் பக்கம், மேற்கே கடற்கரை வீடுகள் என்று எங்கேயோ ஒரு புகைக்கூடு அடைத்துக்கிடக்கும். கூப்பிட வருகிறவர்களிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: கூரையைத் துளைக்கிற இடத்தில் கைவைத்துப் பார்த்தனீங்களோ?

போன கிழமை, ஒரு வீட்டில் வேலை மத்தியானத்தைத் தாண்டி இழுத்தது. கடலால் வந்த அன்ரனிதாஸ் சாப்பாட்டுக்குக் கூப்பிட அங்கே வந்து ஏணியடியில் நின்றான். கூப்பிட்டான். காற்றில் அவனுடைய குரல் ஓட்டுவரைக்கும் ஏறவில்லை. சின்னக் கல்லொன்றை எடுத்து ஏணிக்காலில் தட்டினான். கரி படிந்த முகத்தோடு நிருஜா எட்டிப் பார்த்தாள்.

"வாறன். இன்னும் கொஞ்சம் கிடக்கு," என்று சொல்லிவிட்டு, கயிற்றை மறுபடி உள்ளே இறக்கினாள்.